பச்சைக்கு ஐம்பது, நீலத்துக்குப் பத்து

“உங்க தங்கச்சிதான் பண்ணாங்கன்னு யார் சொல்றது?” என்று கேட்டாள் ஊசி.

“ஆள் யாரும் சொல்லலைங்க. ஒரு எண் சொல்லுது,” என்றாள் எதிரே உட்கார்ந்திருந்தவள். “அறுபத்து நாலு.”

ஜன்னலோரம் நகம் வெட்டிக்கொண்டிருந்த டமாரம் நிமிர்ந்து பார்த்தான். எண்களெல்லாம் சாட்சிக் கூண்டில் ஏற ஆரம்பித்துவிட்டால் மனிதர்கள் பிழைப்பு என்ன ஆவது என்று கவலைப்பட்டான். ஊசி அவனைக் கண்டுகொள்ளவில்லை.

துப்பறிவதே தொழிலாகிவிட்ட அந்த ஐம்பது வயதுப் பெண்மணிக்கு ஊசி என்று பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் தெரியாது. ஆள் ஒல்லி, கேள்வி கூர்மை, பெயர் ஒட்டிக்கொண்டது. உதவியாளன் டமாரத்துக்குப் பெயர்க்காரணம் தேடவே வேண்டியதில்லை. அவன் வாயைத் திறந்தால் போதும்.

வந்திருந்தவளின் விரல் நுனிகள் ஸ்பிரிட்டில் ஊறி ஊறி வெளுத்துப் போயிருந்தன. அவளும் அவள் தங்கையும் ஒரே இடத்தில் வேலை செய்தார்கள். ஆர்க்கிட் பூச்செடிகளை மண்ணில்லாமல், கண்ணாடி பாட்டிலுக்குள் ஜெல்லி மாதிரியான ஓர் ஊட்டக்கூழில் வளர்க்கும் ஆய்வுக்கூடம் அது. வெட்டும் மேசைகள் நான்கு, மேசைக்கு ஒரு பெண். யார் வேலை எது என்று தெரிவதற்காக, மூடிய பாட்டிலின் கழுத்தில் ஒவ்வொருத்தியும் தன் நிற ரப்பர் பேண்டைப் போடுவாள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. தங்கை பச்சை.

சென்ற மாதம் ஆயிரத்து இருநூறு பாட்டிலில் எண்பது பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போயின. பூஞ்சை பக்கத்து அடுக்குகளுக்கும் பரவியிருக்குமோ என்று பயந்து, பெரிய ஆர்டர் கொடுத்திருந்தவர்கள் மொத்தத்தையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். நகரத்தின் மறுமுனையில் போட்டிக்கு ஒரு புதிய கூடம் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவர்கள் ஆளை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று மேலாளர் முடிவு கட்டினார். எண்பதில் ஐம்பது பச்சை. தர அதிகாரி கணக்குப் போட்டுப் பார்த்தார். அறுபத்து நாலு வந்தது. தங்கையைக் காலையிலிருந்து வெளியே விடவில்லை. அன்றைய வேலை நேரம் முடிவதற்குள் அவளைப் போலீஸில் ஒப்படைக்கப் போகிறார்கள்.

“அவ மேலேருந்து அதை எடுத்துடுங்க,” என்றாள் அக்கா. எழுந்து கதவு வரை போனவள் நின்றாள். “வேற யார் மேலயும் வைக்காம எடுக்க முடியுமான்னு பாருங்க.”

கட்சிக்காரர்கள் வழக்கமாக இப்படிக் கேட்பதில்லை. உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள் என்றுதான் கேட்பார்கள். ஊசி அந்த வாக்கியத்தை மனதில் ஒரு மூலையில் போட்டு வைத்தாள்.

*

தர அதிகாரி நல்ல மனிதர்தான். முப்பது வயது, துவைத்துத் தேய்த்த வெள்ளைக் கோட்டு, கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில். கல்லூரி முதலாண்டுப் புள்ளியியலில் படித்த கை-வர்க்கச் சோதனையைத்தான் செய்தேன் என்றார். எந்தக் கை, வலதா இடதா என்று டமாரம் விசாரித்தான். அது ஒரு கிரேக்க எழுத்து என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

சோதனையின் தர்க்கம் எளிமையானது. எந்த மேசைக்கும் எந்தத் தனித்தன்மையும் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் கெட்டுப்போன எண்பதும் நான்கு மேசைக்கும் சமமாக, ஆளுக்கு இருபதாக விழுந்திருக்க வேண்டும். இது எதிர்பார்த்த எண். நடந்ததோ பத்து, பத்து, பத்து, ஐம்பது. ஒவ்வொரு மேசையிலும் நடந்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுக்க வேண்டும். பெருக்குவதால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று விழுங்கிவிடாது. வகுப்பதால், இருபதுக்கு மேல் முப்பது கூடுவதும் இரண்டாயிரத்துக்கு மேல் முப்பது கூடுவதும் ஒன்றாகிவிடாது. நல்ல பாட்டில்களுக்கும் இதையே செய்து எல்லாவற்றையும் கூட்டினால் ஒரே ஓர் எண் கிடைக்கும். நான்கு மேசைக்கு எல்லை ஏழே முக்காலுக்குச் சற்று மேல். வெறும் தற்செயலில் அந்த எல்லையைத் தாண்டுவது நூற்றில் ஐந்து தடவைதான்.

இங்கே வந்த எண் அறுபத்து நாலு.

“என் வீட்டுக்காரி என்மேல வச்சிருக்கிற சந்தேகம்கூட இருபத்தஞ்சைத் தாண்டாது பாஸ்,” என்றான் டமாரம்.

கணக்கில் பிழை இல்லை. ஊசி இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடிவிட்டுக் கெட்டுப்போன பாட்டில்களைப் பார்க்க வேண்டும் என்றாள்.

அதற்குக் கோட்டு, தொப்பி, முகமூடி, கால் உறை எல்லாம் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. டமாரத்தின் அளவுக்குக் கோட்டு கிடைக்கவில்லை. இரண்டைச் சேர்த்து முடிந்துகொண்டான். வளர்ப்பறை குளுகுளுவென்று இருந்தது. தரையிலிருந்து கூரை வரை அடுக்குகள், அடுக்குக்கு அடுக்கு வெள்ளை விளக்கு, விளக்கின் கீழே வரிசை வரிசையாகப் பாட்டில்கள், பாட்டிலுக்குள் விரல்நுனி அளவுக்குப் பச்சை. கெட்டுப்போனவற்றை எடுக்காமல் இருந்த இடத்திலேயே விட்டு, சுற்றிலும் நாடா ஒட்டியிருந்தார்கள். அந்தப் பாட்டில்களுக்குள் சாம்பல் நிறப் பஞ்சு பூத்திருந்தது.

ஊசி அடுக்கு அடுக்காக நடந்தாள். திரும்பி வந்து மறுபடி நடந்தாள்.

“உனக்கு என்ன தெரியுது?”

“பூஞ்சை தெரியுது பாஸ். பசி கெட்டுப்போச்சு.”

“ஒத்தையா கெட்டுப்போன பாட்டில் ஒண்ணு காட்டு.”

டமாரம் தேடினான். நாடா ஒட்டிய இடங்கள் எட்டு. எட்டிலும் பத்துப் பாட்டில்கள் தொடர்ச்சியாகக் கெட்டிருந்தன. நடுவில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அதற்கு வெளியே ஒன்றுகூடக் கெடவில்லை. அவன் முகமூடிக்குள்ளேயே விசிலடித்தான்.

தர அதிகாரிக்கு இது தெரிந்த விஷயம்தான். ஆனால் இதை ஒரு விஷயமாக அவர் நினைத்ததில்லை. ஒரு தாய்ப் பாட்டிலில் வளர்ந்த செடியை எடுத்துப் பத்துத் துண்டாக வெட்டிப் பத்துப் பிள்ளைப் பாட்டில்களில் நடுவார்கள். தாய்ச் செடிக்குள் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் உறங்கிக்கொண்டிருந்தால் பத்துப் பிள்ளையும் போகும். வெட்டுகிறவளின் கையில் கவனக்குறைவு இருந்தாலோ, வேண்டுமென்றே அங்கங்கே எதையாவது போட்டாலோ, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கெடும். இங்கே அப்படி ஒன்றுகூட இல்லை. நான்கு பெண்களின் கையும் சுத்தம்.

ஊசி முகமூடியை இறக்கினாள். சோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு. எண்ணப்படும் ஒவ்வொன்றும் தன் விதியைத் தானே தீர்மானித்திருக்க வேண்டும். ஒரே வண்டியில் போன பத்துப் பேருக்கு அடிபட்டால் அது பத்து விபத்து ஆகாது. இங்கே கெட்டவை எண்பது பாட்டில்கள் அல்ல, எட்டுத் தாய்கள். மேசைக்கு முப்பது தாய், மொத்தம் நூற்றிருபது. கெட்டவை சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, நீலத்தில் ஒன்று, பச்சையில் ஐந்து.

அவள் நாடாவின் முதுகிலேயே கணக்குப் போட்டாள். ஆறு புள்ளி நாலு.

ஒவ்வொரு சாவையும் பத்துத் தடவை எண்ணியிருந்தார்கள். எண்ணும் பத்து மடங்கு ஊதியிருந்தது. ஊதலை இறக்கினால் எல்லைக்கு உள்ளேயே நின்றுவிட்டது.

“வாங்க, கேஸ் முடிஞ்சுது,” என்றான் டமாரம். “கோட்டைக் கழட்டலாமா?”

தர அதிகாரி நாடாவை வாங்கி நிதானமாகப் படித்தார். வருத்தத்தோடுதான் தலையை ஆட்டினார்.

“எட்டை நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ரெண்டு மேடம். எதிர்பார்த்த எண் அஞ்சுக்குக் கீழ போனா இந்தச் சோதனையையே நம்பக் கூடாதுன்னு உங்களுக்கும் தெரியும். இதை வச்சு அந்தப் பொண்ணு பண்ணலைன்னு எப்படிச் சொல்வீங்க?”

அவர் சொன்னது சரி. எல்லைக்குள் நின்றால் நிரூபணம் இல்லை என்றுதான் அர்த்தம். குற்றமில்லை என்று அர்த்தமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் தங்கை காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள்.

*

மேலாளர் அறையில் தேநீர் கொடுத்தார்கள். காக்கி உடுப்பில் ஒருவர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஊசி நான்கு காலிக் கோப்பைகளை மேசை நடுவில் நெருக்கி வைத்தாள். டமாரத்திடம் எட்டு ரப்பர் பேண்டுகளைச் சுருட்டிக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போடச் சொன்னாள்.

அவன் போட்டான். கோப்பைக்கு வெளியே விழுந்தவற்றைத் திரும்பப் போட்டான். முதல் சுற்றில் இரண்டு, இரண்டு, மூன்று, ஒன்று. அடுத்ததில் நான்கு, ஒன்று, இரண்டு, ஒன்று. மேலாளர் பொறுமையிழக்க ஆரம்பித்த நேரத்தில், ஓரத்துக் கோப்பையில் ஐந்து விழுந்தன.

இப்படிப் போட்டுக்கொண்டே இருந்தால், சுமார் பத்துச் சுற்றுக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு கோப்பையில் ஐந்தோ அதற்கு மேலோ விழும் என்று ஊசி விளக்கினாள். யாரும் எதையும் செய்யாமலே விழும்.

மேலாளர் முன்னால் குனிந்தார். “அப்போ பத்துல ஒரு தடவை தானா நடக்கும். மிச்சம் ஒன்பது தடவை அவ பண்ணினது. தொண்ணூறு சதவீதம். எனக்கு அது போதும்.”

அறிமுகப் பாடத்தில் எல்லாரும் தடுக்கி விழும் படி இதுதான். எதுவும் நடக்காவிட்டால் இப்படி வருவது எவ்வளவு அபூர்வம் என்று சோதனை சொல்லும். இப்படி வந்துவிட்டதால் ஏதோ நடந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்லாது. முதல் கேள்விக்கு வந்த பதிலை எடுத்து இரண்டாவது கேள்விக்கு நேரே எழுதிவிடுவார்கள். எண் ஒன்றாக இருப்பதால் கேள்வி மாறியது தெரியாது.

ஊசி ஓரத்துக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“அஞ்சு விழுந்திருக்கு. இந்தக் கோப்பை தொண்ணூறு சதவீதம் குற்றவாளியா சார்?”

காக்கி உடுப்புக்காரர் செய்தித்தாளில் பக்கத்தைத் திருப்பினார். மேலாளர் கோப்பையைத் தொடவில்லை. கோப்பைக்குப் போட்டிக் கம்பெனி கிடையாது என்றார். ஏன் அவளிடம் மட்டும் ஐந்து என்று கையில் பிடிக்கிற மாதிரி ஒரு காரணம் காட்டினால் விடுகிறேன், இல்லையென்றால் இவர் கூட்டிக்கொண்டு போவார் என்றார்.

*

உடை மாற்றும் அறையில் மஞ்சள்காரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பேச்சுக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் டமாரம் அவளருகே பெஞ்சில் உட்கார்ந்தான். பெஞ்சு முனகியது. இப்படி ஒரு கோட்டைத் தைத்தவன் தன் உயரத்துக்கு மட்டும் மரியாதை கொடுத்து அகலத்தை அவமானப்படுத்திவிட்டான் என்று அவன் புலம்ப, அவள் சிரித்துவிட்டாள். சிரித்தவள் பேசினாள்.

பச்சைக்கா இந்தக் கதி என்று அவளால் நம்பவே முடியவில்லை.

“அவ கைராசி அப்படி சார். நம்ம கையில வாடிப்போனது அவ கைக்குப் போனா தளிர் விடும். சந்தேகமா ஒரு தாய் இருந்தா யாரு தூக்கிப் போடுவாங்க? போட்டா மேலாளருக்கு விளக்கம் சொல்லணும். அவ பக்கம் தள்ளிடுவோம். அவளும் வாங்கிக்குவா. பதிலுக்கு அவளோடதுல நல்லதா ஒண்ணு தருவா, கணக்கு முப்பதுக்குக் குறையக் கூடாதுல்ல.”

சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று புரிந்து, வாயை மூடிக்கொண்டாள். தாய்ப் பாட்டிலைக் கைமாற்றுவது விதிக்கு விரோதம். இந்த மாதம் நான் எதையும் தள்ளவில்லை என்று அவசரமாகச் சேர்த்தாள். சிவப்பும் தள்ளவில்லையாம்.

டமாரம் ஓடிவந்து ஊசியிடம் சொன்னான். கெட்டிக்கார மருத்துவரிடம்தான் பிழைக்காத நோயாளிகள் அதிகம் வருவார்கள். வாசலில் நின்று சாவை மட்டும் எண்ணினால் அவர்தான் கொலைகாரர். யாரிடம் கெட்டது என்று தர அதிகாரி எண்ணியிருந்தார். யாரிடமிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கேட்பதற்கு வழி இருந்தது. வெட்டும்போது தாய்ப் பாட்டிலைத் திறந்ததும் அதன் கழுத்திலிருந்த பழைய ரப்பர் பேண்டை மேசையோரத்து டப்பாவில் போடுவார்கள். தன் மேசையில் போன சுற்றில் வளர்ந்ததையே அவரவர் தாயாக எடுப்பதால், டப்பாவில் விழுவது அவரவர் நிறமாகவே இருக்க வேண்டும். பச்சை மேசைக்குச் சீல் வைத்துவிட்டதால் டப்பா காலியாக்கப்படாமல் அப்படியே இருந்தது.

தர அதிகாரி சீலை உடைத்துக் கொடுத்தார். டமாரம் டப்பாவைக் கவிழ்த்து விரலால் பிரித்தான்.

இருபத்தாறு பச்சை. நான்கு நீலம்.

“கிடைச்சிடுச்சு பாஸ்,” என்றான் டமாரம். உடனே, குரல் இறங்கி, “நீலம் யாரு?” என்றான்.

ஊசிக்குக் காலையிலேயே அது தெரிந்திருக்க வேண்டும். கதவருகே நின்று சொன்ன அந்த வாக்கியம் இப்போது மூலையிலிருந்து எழுந்து வந்தது.

*

தங்கையைச் சாமான் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அக்காவின் முகமே, பத்து வயது குறைவு. கேட்ட எதற்கும் பாட்டிலெல்லாம் என்னுடையதுதான் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஊசி நான்கு நீல ரப்பர் பேண்டுகளை அவள் மடிமேல் வைத்தாள். அவள் அவற்றை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

“அந்த நாலும்தான் போச்சு,” என்றாள் கடைசியில். “அடியில பால் கலந்த மாதிரி கொஞ்சம் மங்கலா இருந்துச்சு. தேத்திடலாம்னு நெனச்சேன். என்னோடது ஒண்ணு போச்சு.” பிறகு, “அக்காகிட்ட சொல்லாதீங்க,” என்றாள். “நான் ஒத்துக்கிட்டேன்னு.”

அக்கா வெளிவாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஊசி சுற்றி வளைக்கவில்லை.

“தள்ளினது நீங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

“தெரியாம எப்படிங்க? ஏன் மங்கலாச்சுன்னுதான் தெரியல. நான் எதுவும் பண்ணல. அவளும் பண்ணல.” அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “காலையிலயே அவங்ககிட்ட சொல்லியிருப்பேன். சொன்னா, அவ மேலேருந்து எடுத்து என்மேல வச்சிருப்பாங்க. ரெண்டு பேருக்கும் இல்லாம போற மாதிரி ஏதாவது இருக்குமான்னுதான் உங்ககிட்ட வந்தேன்.”

ஊசி வாசல் படியில் உட்கார்ந்து காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள். கெட்ட நான்கு தாயையும் வந்த இடத்துக்கே திருப்பினால் பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஐந்து. பதிலுக்குக் கைமாறிய நான்கும் திரும்பும். ஆளுக்கு முப்பது என்பது மாறாது. பாட்டிலாக எண்ணினால் பச்சைக்குப் பத்து, நீலத்துக்கு ஐம்பது. அவள் கூட்டினாள்.

அறுபத்து நாலு.

கூட்டவே வேண்டியதில்லை. இந்தச் சோதனைக்கு எந்த எண் யாருடையது என்று தெரியாது. வரிசையை எப்படி மாற்றி எழுதினாலும் அதே கூட்டுத்தொகைதான் வரும்.

அங்கேதான் ஊசிக்கு வழி தெரிந்தது. ஒரே எண் காலையில் தங்கையைக் காட்டியது, மாலையில் அக்காவைக் காட்டுகிறது. இரண்டு பேரைக் காட்டும் எண் யாரையும் காட்டவில்லை என்று தர அதிகாரிக்குப் புரியாமல் போகாது. அவர் புத்திசாலி. அவர் சொன்னால் மேலாளர் கேட்பார். தாய்க்குள் பூஞ்சை எப்படி வந்தது என்று அதற்குப் பிறகு தேடட்டும். ஊட்டக்கூழாக இருக்கலாம், தண்ணீராக இருக்கலாம், வெறும் தற்செயலாகவே இருக்கலாம்.

“சொல்றதா இருந்தா நீங்கதான் வந்து சொல்லணும்,” என்றாள் ஊசி. “என் கணக்கு அவருக்குப் புரியும்னு நம்புறேன். புரியலைன்னா அந்த எண் உங்க மேல வரும்.”

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தாள்.

*

தர அதிகாரிக்குப் புரிந்தது. ஊசி இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதே அவர் முகம் மாறியது. அவர் மேலாளரைப் பார்த்து, இவங்க சொல்றது சரி சார், இதை வச்சு ஒருத்தர் பேரைச் சொல்ல முடியாது என்றார். முதல் தடவை போடும்போதே பத்துப் பத்தாக எண்ணுகிறோமே என்று ஓர் உறுத்தல் இருந்தது என்றும் சொன்னார். நீங்கள் எல்லையைத் தாண்டியதா இல்லையா என்று மட்டும் கேட்டீர்கள், தாண்டியது என்றேன் என்றார்.

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், காரியம் முடிந்துவிட்டது என்று டமாரம் நினைத்தான்.

மேலாளர் இரண்டு காகிதத்தையும் எடுத்துப் பார்த்தார். விரலை வைத்து இடமிருந்து வலமாகப் படித்தார்.

“இதுலயும் அறுபத்து நாலுதானா?”

“ஆமா சார். அதைத்தான் சொல்றாங்க. அதே எண்தான்.”

“அப்போ உங்க சோதனை சரியாத்தான் இருந்திருக்கு. பேரைத்தான் தப்பாப் போட்டுட்டோம்.”

ஊசி பேசினாள். கோப்பைகளை மறுபடி எடுத்தாள். பத்துச் சுற்றில் ஒன்று, ஐந்துக்குக் கீழே, ஒரே வண்டியில் பத்துப் பேர் என்று எல்லாவற்றையும் வேறு வேறு சொற்களில் சொன்னாள். மேலாளர் கடைசி வரை கேட்டார். பிறகு, ஆர்டரை ரத்துச் செய்தவர்கள் தன்னிடம் சதவீதம் கேட்கவில்லை, பெயர்தான் கேட்டார்கள் என்றார். கெட்ட தாயை, கெட்டது என்று தெரிந்தே, விதியை மீறித் தங்கச்சி மேசைக்குத் தள்ளினேன் என்று இந்த அம்மாவே வாயால் சொல்லியிருக்கிறாள். பச்சைக்கு எதிராக எண் மட்டும்தான் இருந்தது. நீலத்துக்கு எதிராக எண்ணும் இருக்கிறது, வாக்குமூலமும் இருக்கிறது. கையில் பிடிக்கிற மாதிரி காரணம் கேட்டேன், கொண்டுவந்து கொடுத்துவிட்டீர்கள் என்று ஊசிக்கு நன்றி சொன்னார். அவர் கிண்டல் செய்யவில்லை.

காக்கி உடுப்புக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

அக்கா தங்கச்சியை வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களா என்று மட்டும் கேட்டாள். வீட்டுக்கு எதற்கு, அவள்மேல்தான் ஒன்றும் இல்லையே என்றார் மேலாளர். புது ஆர்டருக்கு நாற்று வேண்டும். இப்போதே மேசைக்குப் போகட்டும்.

நடைபாதையில் அக்கா ஊசியின் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள்.

“பரவால்ல மேடம். பாதி நடந்துச்சு.”

டமாரம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தன்னிடம் எட்டு ரப்பர் பேண்டுகள் இன்னும் இருக்கின்றன, மேலாளர் கழுத்துக்குப் போதுமா பாஸ் என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

வெளியே போகும் வழியில் வெட்டும் அறையின் பெரிய கண்ணாடி இருந்தது. ஊசி நின்றாள். உள்ளே மூன்று மேசைகளில் விளக்கு எரிந்தது; நீலம் இருட்டாக இருந்தது. தங்கை முகமூடி அணிந்து, கைகளை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டு, இடுக்கியைச் சுடரில் காட்டிக்கொண்டிருந்தாள். முகமூடிக்கு மேலே கண்கள் வீங்கியிருந்தன. எழுந்து போகலாம்தான். போனால் குற்றமுள்ளவள் ஓடினாள் என்பார்கள். இரண்டு பேர் சம்பளத்தில் நடந்த வீடு அவள் ஒருத்தி சம்பளத்தில் நடக்க வேண்டும்.

அடுத்த மேசையில் சிவப்புக்காரி ஒரு தாய்ப் பாட்டிலை விளக்குக்கு நேராகத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தாள். கீழே வைத்தாள். மறுபடி தூக்கிப் பார்த்தாள். இவ்வளவு தூரத்திலிருந்து ஊசிக்குக் கூழ் மங்கலாக இருந்ததா என்று தெரியவில்லை. சிவப்புக்காரியின் கண்கள் தெரிந்தன. நீல மேசையைப் பார்த்தன, கதவைப் பார்த்தன. சிவப்பு ரப்பர் பேண்டோடு இனி ஒரு பாட்டிலும் அந்த அறையில் கெடக் கூடாது என்பது அவளுக்கு அன்று நன்றாகப் புரிந்திருந்தது.

அவள் பாட்டிலை இடது பக்கமாக, பச்சை மேசைக்கு, மெதுவாகத் தள்ளினாள்.

ஊசி கண்ணாடியைத் தட்டினாள். தடித்த கண்ணாடி, உள்ளே காற்று ஊதும் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

தங்கை அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். கையில் எடுத்து அடிப்பக்கத்தைக் கவனித்தாள். செடி இன்னும் உயிரோடுதான் இருந்திருக்க வேண்டும். தன் அடுக்கிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்துச் சிவப்புக்காரியிடம் நீட்டினாள். பிறகு, வந்த பாட்டிலின் கழுத்திலிருந்த சிவப்பு ரப்பர் பேண்டைக் கழற்றி டப்பாவில் போட்டாள். செடியை எடுத்தாள். பத்துத் துண்டாக வெட்டினாள். ஒவ்வொன்றாக நட்டு, மூடி, பத்தாவது பாட்டில் வரைக்கும் பச்சை ரப்பர் பேண்டைப் போட்டாள்.